ஜாம்பி கேம்பெயினில் ஆறாவது செஷனோடு பயம் போய்விட்டது. எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

மூன்றாற்றான் எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். ஐந்து மாதமாக நான்கு நண்பர்களை வைத்து ஒரு ஜாம்பி கேம்பெயின் நடத்திக்கொண்டிருக்கிறேன்: ஆளுக்கு ஒரு கேரக்டராகப் பேசியும் பகடை உருட்டியும் பல இரவு தொடரும் கதை விளையாட்டு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்காருவோம். இதுவரை ஒன்பது செஷன் ஆகியிருக்கிறது. விதிப்புத்தகம் ஈடன் ஸ்டூடியோஸின் 'ஆல் ஃப்ளெஷ் மஸ்ட் பி ஈட்டன்'. பத்துமுகப் பகடை ஒன்றை உருட்டி, கேரக்டரின் பண்பு எண்ணையும் திறன் எண்ணையும் கூட்டி, 9 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. இவ்வளவு எளிது என்பதால்தான் எடுத்தேன். நால்வரில் இரண்டு பேர் தாயத்துக்கு வெளியே பகடையைத் தொட்டதே இல்லை.

கதைக்களம் எங்கள் ஊரேதான். இந்த வகைக் கதை இன்று நாம் அறியும் வடிவில் பிறந்தது இங்கேதான். 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் கல்லறைக் காட்சி, எங்களுக்கு வடக்கே இருக்கும் எவன்ஸ் சிட்டியில் எடுக்கப்பட்டது. பத்து வருடம் கழித்து அவர் எடுத்த அடுத்த ஜாம்பிப் படம் மன்ரோவில் மாலில் நடக்கிறது. எங்களில் பாதிப் பேர் வீட்டுச் சாமான் வாங்கப் போகிற இடம் அது.

கேரக்டர்கள்: ஒரு நர்ஸ், ஒரு மென்பொருள்காரர், ஒரு முதுகலை மாணவி, கோயிலில் சேவை செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இவர்கள் தங்கியிருப்பது பென் ஹில்ஸில் மேட்டின் மேல் இருக்கும் ஸ்ரீ வேங்கடேஸ்வரர் கோயிலில். 1970-களில் கட்டியது. பெரிய சமையலறை, மூட்டை மூட்டையாக அரிசி, வந்து போகும் பாதையும் கண்ணுக்குத் தெரியும். இதைவிட நல்ல அடைக்கலம் இந்த ஊரில் எனக்குத் தோன்றவில்லை.

முதல் ஐந்து செஷன் அற்புதமாகப் போனது. ஸ்குவரல் ஹில் சுரங்கப்பாதைக்குள் நின்றுபோன கார்களுக்கு நடுவே ஒரே ஒரு டார்ச்சோடு நடந்தார்கள். அன்றைக்கு மாணவியாக ஆடுகிறவர் நிஜமாகவே நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆறாவது செஷனில் மாலுக்குப் போனார்கள். துப்பாக்கி கிடைத்தது, குண்டு கிடைத்தது. அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. "வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் மூணு, நான் இடப்பக்கம் பார்த்துக்கிறேன்" என்று கணக்குப் போடுகிறார்கள். நான் எண்ணிக்கையைக் கூட்டினால் சண்டை நீள்கிறதே தவிர பயம் வரவில்லை. போன வாரம் முப்பது ஜாம்பிகள். ஒருவர் கொட்டாவி விட்டார்.

அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தச் சுரங்கப்பாதை இரவு மறுபடி வர வேண்டும், அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

பழைய பகடை எழுதியது:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி. போன செஷனில் தாக்குவதற்காக இல்லாமல் வேறு எதற்காகவாவது எத்தனை முறை பகடை உருட்டினார்கள்? பூட்டைத் திறக்க, சத்தமில்லாமல் நடக்க, காயத்தைக் கட்ட? யோசித்துச் சொல்லுங்கள். நான் நினைக்கிற விடை வந்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

மூன்றாற்றான் எழுதியது:

அண்ணா, குறிப்பேட்டைப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் தாக்குதல் உருட்டல். மற்றவை மூன்று.

பழைய பகடை எழுதியது:

அதேதான். நீங்கள் பெரும்பாலும் எதற்குப் பகடை உருட்டச் சொல்கிறீர்களோ, உங்கள் விளையாட்டு அதைப் பற்றியதாக ஆகிவிடும். நாற்பது முறை சுடச் சொன்னால் அது சுடும் விளையாட்டு. சுரங்கப்பாதையில் என்ன உருட்டினார்கள் என்று பாருங்கள். டார்ச் எவ்வளவு நேரம் எரியும், காலடிச் சத்தம் கேட்குமா, பின்னால் வருகிறவர் கையை விட்டுவிடுவாரா என்பதற்காகத்தான் இருந்திருக்கும்.

நான் 90-களில் ஜெராக்ஸ் எடுத்த விதிப்புத்தகத்தோடு ஆரம்பித்தவன். 1981-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிகளில் ஒரு நுட்பம் உண்டு. இன்றைக்கும் எனக்கு அதைவிட நல்ல பயக்கருவி கிடைக்கவில்லை. நிலவறைக்குள் நேரம் பத்துப் பத்து நிமிடச் சுற்றாக நகரும். ஒரு பந்தம் ஆறு சுற்று எரியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஜிஎம் (விளையாட்டை நடத்துகிறவர்) ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் ஏதோ ஒன்று வருகிறது. அவ்வளவுதான் விதி. ஆனால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் பகடை உருளும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சும்மா நிற்க மாட்டார்கள்.

இதை உங்கள் ஊருக்கு மாற்றுங்கள். கையில் இருக்கிற புத்தகமே ஜாம்பியைத் துண்டு துண்டாகச் சேர்த்துச் செய்யச் சொல்கிறது: எங்கே அடித்தால் சாகும், எப்படி நடக்கும், எந்தப் புலன் வேலை செய்யும், எப்படித் தொற்றும். நீங்கள் தலை, மெதுநடை, கடி என்று வழக்கமானதை எடுத்திருப்பீர்கள். தலையை மாற்றாதீர்கள். ஒன்பது செஷன் உயிரைக் கொடுத்துக் கற்ற அறிவை இப்போது பிடுங்கினால் அவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும். செவியைக் கூட்டுங்கள். குளிர்காலம் வந்துவிட்டது, ஊரில் கார் இல்லை, மெஷின் இல்லை, எல்லாம் அமைதி; ஒரு வெடிச்சத்தம் பல தெரு தாண்டிக் கேட்கிறது என்று சொல்லுங்கள். அது நியாயமான மாற்றம்.

அப்புறம் இந்த உருட்டலைத் திரைக்குப் பின்னால் செய்யாதீர்கள். மேசை நடுவில், எல்லோர் கண் முன்னாலும் உருட்டுங்கள். சும்மா இருந்தால் 1 மட்டும். கண்ணாடி உடைந்தால் 1, 2. ஒரு குண்டு வெடித்தால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பும்வரை 1, 2, 3. ஏழு ஜாம்பிகளைச் சுடத் தெரிந்த ஆளுக்கும் அந்தப் பகடை உருளும்போது வாய் உலர்ந்துவிடும்.

வரைபடப் பைத்தியம் எழுதியது:

பிட்ஸ்பர்க் என்றதும் ஓடி வந்தேன். அந்த ஊரை வைத்துக்கொண்டு மாலுக்குள் சுட்டுக்கொண்டிருப்பது பெரிய இழப்பு! அலிகெனியும் மனோன்கஹீலாவும் சேர்ந்து ஒஹாயோ ஆறாகும் முனையில் ஊரின் நடுப்பகுதி இருக்கிறது. 446 பாலங்கள் என்று ஊர்க்காரர்களே கணக்குச் சொல்வார்கள். மலைச்சரிவுகளில் 700-க்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள். ஒவ்வொரு பாலமும் ஒரு முடிவு: கடந்தால் திரும்பி வர வேறு வழி இருக்கிறதா? ஆளுக்கு ஒரு நகல் வரைபடம் கொடுத்து, அடைபட்ட பாலத்தைச் சிவப்புப் பென்சிலால் அவர்களையே அடிக்கச் சொல்லுங்கள். மூன்று செஷனுக்குள் அவர்களே வரைந்த சிவப்பு அவர்களை மூடத் தொடங்கும்.

இன்னொன்று. வாஷிங்டன் மலைமேல் ஏறும் இழுவை ரயில் இரண்டு இன்னும் ஓடுகின்றன. மனோன்கஹீலா இன்க்ளைன் 1870, டுக்கேன் இன்க்ளைன் 1877. டுக்கேன் சுமார் 800 அடி நீளம், 400 அடி ஏற்றம், இயந்திர அறையில் மரப்பல் வைத்த சக்கரம். முக்கியமானது இதுதான்: இரண்டு பெட்டிகளும் கம்பிவடத்தால் ஒன்றுக்கொன்று எடை சமன் செய்பவை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். மின்சாரம் இல்லாத ஊரில் இதை என்ன செய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள். நான் இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கூகை எழுதியது:

நான் ஐந்தாம் பதிப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு வருடம் ஜாம்பிக் கேம்பெயின் நடத்தினேன். உங்களுடையதைவிடக் கடினமான நிலைமை, ஏனென்றால் அங்கே மந்திரம் இருக்கிறது.

முதலில் ஒரு நல்ல செய்தி. 2014 விதிகளில் சாதாரண ஜாம்பிக்கு ஒரு தன்மை உண்டு. உயிர்ப்புள்ளி பூஜ்யமானாலும் அது ஒரு உருட்டல் உருட்டும். அடித்த சேதத்தோடு 5 சேர்த்து, அதை எட்டினால் 1 புள்ளியோடு எழுந்து நிற்கும். 6 சேதம் அடித்து வீழ்த்தினால் இலக்கு 11. ஜாம்பிக்கு 3 கூடுதல் உண்டு என்பதால் இருபதுமுகப் பகடையில் 8 வந்தாலே போதும். நூற்றுக்கு 65 முறை மறுபடி எழுந்துவிடும். முதல் செஷனில் விழுந்தது எழுந்தபோது மேசையில் கேட்ட அமைதியை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் ஐந்தாம் நிலையில் எங்கள் கிளெரிக் (தெய்வ சக்தி உள்ள பூசாரிக் கேரக்டர்) கையை உயர்த்தினால், முப்பது அடிக்குள் உருட்டலில் தவறும் ஜாம்பியெல்லாம் சாம்பலாகும் நிலை வந்தது. ட்ரூயிட் (இயற்கை மந்திரக்காரி) ஒரே மந்திரத்தில் பத்துப் பழம் வரவழைக்கிறாள், பழத்துக்கு ஒரு ஆள் என்று பத்துப் பேருக்கு ஒரு நாள் சாப்பாடு தீர்ந்தது. பசியும் இல்லை, கூட்டத்தைக் கண்டு பயமும் இல்லை. உங்களுக்குத் துப்பாக்கி செய்ததை எங்களுக்கு மந்திரம் செய்தது.

மந்திரத்தை நான் தடை செய்யவில்லை. அவர்கள் ஆசைப்பட்டு எடுத்த கேரக்டர்கள். நான் செய்தது ஒன்றுதான். ஒரு நோட்டு வாங்கினேன். அடைக்கலத்தில் இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். பெயர், ஒரு பழக்கம், ஒரு தேவை, விளையாடுகிறவர்களில் யாரோடு பேசியிருக்கிறார், கடைசியாக என்ன சொன்னார். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் பத்து நிமிடம் எழுதுவேன். யாராவது காணாமல் போனால் அந்தப் பக்கத்தைக் கிழிக்க மாட்டேன், மூலையை மடித்து வைப்பேன்.

நான்கு செஷன் கழித்து கிளெரிக் கையை உயர்த்தப் போனான். "முன்னால் நிற்கிறது நீ நூல் கண்டு வாங்கிக் கொடுத்த பாட்டி. அந்த நூலில் பின்னிய ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள்" என்றேன். கை அப்படியே நின்றுவிட்டது. எண்ணிக்கை ஒன்றுதான்.

முப்பது ஜாம்பிக்கு ஏன் பயம் வரவில்லை என்றால், அந்த முப்பது பேரில் ஒருவரையும் அவர்களுக்குத் தெரியாது. உங்கள் பழைய குறிப்புகளைத் திருப்பிப் பாருங்கள். விட்டுவிட்டு வந்த ஆள் யாராவது இருக்கிறாரா?

செங்கல் கோபுரம் எழுதியது:

பகடையையே தூக்கி வைத்துவிட்டு 'ட்ரெட்' முறையைப் பாருங்கள் நண்பரே. 54 மரக்கட்டை அடுக்கிய ஜெங்கா கோபுரம்தான் விதி. ஆபத்தான காரியம் எதுவானாலும் ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் உருவியவரின் கேரக்டர் கதையை விட்டுப் போய்விடும். நான் இதுவரை ஆடியதிலேயே கை நடுங்கியது இதில்தான்.

பழைய பகடை எழுதியது:

கோபுரம் ஒரு இரவுக் கதைக்கு மிக நல்லது, நானும் ஆடியிருக்கிறேன். ஐந்து மாதம் வளர்த்த கேரக்டரைக் கை நடுக்கத்தில் இழக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கைவிரல் வலி உள்ளவர் ஒருவர் மேசையில் இருந்தால் அவருக்கு அநியாயமும் ஆகிவிடும். ஒரே ஒரு காட்சிக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

கூகை சொன்னதை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன். என் பத்து நிமிடப் பகடை காலைப் பிடித்து இழுக்கும், அவருடைய நோட்டு நெஞ்சைப் பிடிக்கும்.

மூன்றாற்றான் எழுதியது:

கூகை அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி ஒரு மணி வரை பழைய குறிப்புகளைப் புரட்டினேன்.

ஒருவர் இருக்கிறார். கோயில் சமையல் மாமா. முதல் செஷனில் நான் போகிற போக்கில் உருவாக்கியவர். தோளில் சிவப்புக் கரைத் துண்டு, புளியோதரைக்கு எண்ணெய் குறைந்தால் முகம் வாடிவிடும். நால்வருக்கும் அவரைப் பிடித்துப்போனது. ஏழாவது செஷனில் ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட் மொத்தக் கடைகளுக்குப் பருப்பும் எண்ணெயும் எடுக்கப் போனபோது அவரையும் கூட்டிப்போனார்கள். கூட்டம் வந்தது, ஓடினார்கள், அவர் கிடங்கின் உள்ளே மாட்டிக்கொண்டார். வேனின் கதவை மூடியது ஆசிரியர் கேரக்டர். அன்றைக்கு எல்லோரும் குண்டு எண்ணிக்கொண்டிருந்ததால் அந்தக் காட்சியை நானும் ஒரே வரியில் முடித்துவிட்டேன். இப்போது நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. அன்று காலை கிளம்பும்போது அதே ஆசிரியர் சொன்னது: "யாராவது பிரிஞ்சுட்டா வாஷிங்டன் மலை மேல சந்திப்போம், அங்கிருந்து ஊர் பூரா தெரியும்." அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

வரைபடப் பைத்தியம் எழுதியது:

அப்படியானால் மாமா அங்கே போயிருப்பார்.

தேன்சிட்டு எழுதியது:

இந்த இழையை ஆர்வமாகப் படித்துவருகிறேன். ஒரு விஷயம் இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆரம்பிப்பதற்கு முன் நால்வரோடும் உட்கார்ந்து, எது வரலாம், எது வேண்டாம் என்று பேசினீர்களா? திகில் விளையாட்டில் இது கட்டாயம் என்று நினைக்கிறேன். சில விஷயங்கள் மேசைக்கே வரக்கூடாது. சில நடக்கலாம், ஆனால் விவரிக்க வேண்டாம், திரை போட்டுக் கடந்துவிடலாம். மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஓர் அட்டை வைத்தால், தாங்க முடியாதபோது யாரும் அதைத் தொடலாம்; காரணம் கேட்காமல் அந்த இடத்தை மாற்றிவிட வேண்டும்.

இப்போது நெஞ்சைத் தொடும் திசையில் கதையைத் திருப்பப் போகிறீர்கள். அதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

மூன்றாற்றான் எழுதியது:

செய்யவில்லை. செய்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் முதல் நாளே பேசினோம்: கோயிலுக்குள் ரத்தக் காட்சி வேண்டாம் என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் சரி என்றோம். அதனாலேயே கோயில் அவர்கள் உயிரைக் கொடுத்துக் காக்கிற இடமாக ஆகியிருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டேன்.

எட்டாவது செஷனில் நர்ஸ் வேலைபார்த்த ஆஸ்பத்திரிக்குப் போகும் காட்சி வைத்தேன். ஐசியூ, கண்ணாடித் தடுப்பு, உள்ளே படுத்திருப்பவர்கள். ஆசிரியராக ஆடும் நண்பர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை, தலைவலி என்று சீக்கிரம் கிளம்பிவிட்டார். தேன்சிட்டு எழுதியதைப் படித்ததும்தான் உறைத்தது. 2021-இல் அவருடைய அப்பா ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் கோவிட்டில் இறந்தார். இவரால் போக முடியவில்லை. வீடியோ காலில் கண்ணாடிக்கு வெளியே இருந்து காட்டினார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அந்தக் காட்சியை வைத்திருக்கிறேன்.

நாளைக்கு அவரைக் கூப்பிட்டுப் பேசப் போகிறேன்.

தேன்சிட்டு எழுதியது:

பேசுங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள். விளையாட்டை எப்படி மாற்றலாம் என்று நீங்களாக முடிவுசெய்து கொண்டு போகாதீர்கள்.

கூகை எழுதியது:

காத்திருக்கிறேன். அதற்கிடையில் குண்டுக் கணக்குக்கு ஒரு வழி. 'தி பிளாக் ஹேக்' விளையாட்டில் வரும் உபயோகப் பகடை. எத்தனை குண்டு என்று எண்ணவே வேண்டாம். துப்பாக்கிக்கு எட்டுமுகப் பகடை ஒன்றைக் கொடுங்கள். சண்டை முடிந்ததும் அதை உருட்ட வேண்டும். 1 அல்லது 2 விழுந்தால் அடுத்து ஆறுமுகம், அப்புறம் நான்குமுகம், அதற்குப் பிறகு காலி. சராசரியாக ஒன்பது சண்டைக்கு வரும், ஆனால் மூன்றிலும் முடிந்துபோகலாம். "இன்னும் பதினாலு இருக்கு" என்று யாராலும் சொல்ல முடியாது. டார்ச் பேட்டரிக்கும் மருந்துக்கும் இதேதான்.

பதற்றத்துக்கு ஃப்ரீ லீக்கின் ஏலியன் விளையாட்டிலிருந்து ஒன்றை எடுத்து நான் என் மேசைக்கு மாற்றிக்கொண்டேன். கேரக்டர் தன்னை மீறி முயலும்போது ஓர் அழுத்தப் பகடை கூடும். அது வெற்றிக்கும் உதவும், அதனால் ஆசையாக வாங்குவார்கள். ஆனால் அழுத்தப் பகடையில் 1 விழுந்தால் பீதி. ஓர் ஆறுமுகப் பகடையை உருட்டி, கையிலிருக்கும் அழுத்த எண்ணிக்கையைக் கூட்டு. 6 வரை தாங்கிக்கொள்வார், 7-இலிருந்து கை நடுங்குவதில் தொடங்கி ஓடிப்போவதுவரை போகும். உங்கள் பத்துமுக முறைக்கு இது அப்படியே பொருந்தாது, கொஞ்சம் தட்டிச் சேர்க்க வேண்டும்.

செங்கல் கோபுரம் எழுதியது:

கடி விஷயத்தில் எல்லோரும் என்ன செய்கிறீர்கள்? நான் கடிபட்டவருக்கு மட்டும் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பேன். தொற்றியதா இல்லையா என்று அவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் சொல்வதா மறைப்பதா என்பது அவர் பாடு.

கூகை எழுதியது:

நானும் ஒருமுறை செய்தேன், இனி செய்ய மாட்டேன். மறைத்தவரை மற்றவர்கள் விளையாட்டு முடிந்த பிறகும் நம்பவில்லை. இரண்டு வாரம் அந்தக் குழுவில் சரியான பேச்சே இல்லை.

பழைய பகடை எழுதியது:

சீட்டு வேண்டாம். ஒரு டம்ளர் எடுங்கள். எவர்சில்வர் டம்ளர். அதற்குள் ஒரு பகடையைப் போட்டுக் குலுக்கி, எல்லோர் கண் முன்னாலும் மேசையில் கவிழ்த்துவிடுங்கள். இரட்டைப்படை என்றால் தொற்றவில்லை. ஜிஎம் உட்பட ஒருவரும் பார்க்கக்கூடாது. அந்த மனிதரின் விதி அப்போதே முடிவாகிவிட்டது, ஆனால் யாருக்கும் தெரியாது. நேரம் வரும்போது தூக்கலாம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பயம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக மேசை மேல் இருக்கும்.

மூன்றாற்றான் எழுதியது:

நண்பரோடு பேசினேன். ஒரு மணி நேரம். பெரும்பாலும் அப்பாவைப் பற்றித்தான் பேசினார். மன்னிப்புக் கேட்டேன், "நீ தெரிஞ்சு செய்யல" என்றார். படுக்கை, வென்டிலேட்டர், ஆஸ்பத்திரி வாசனை மூன்றும் இனி மேசைக்கு வராது என்று ஒத்துக்கொண்டோம். மற்ற மூவரிடமும் அவர் அனுமதியோடு அந்தப் பட்டியலை மட்டும் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. அவர்களும் ஆளுக்கு ஒன்று சேர்த்தார்கள். அட்டையும் வைத்தாயிற்று.

கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன்: "வரும் செஷனில் தெரிந்த ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காட்சி வரலாம். ஆஸ்பத்திரி இல்லை. வேண்டாம் என்றால் முழுவதையும் மாற்றிவிடுகிறேன், எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இந்தத் தடவை கதவைத் திறக்க ஏதாவது வழி இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். "அப்ப வரட்டும்" என்றார்.

மூன்றாற்றான் எழுதியது:

நேற்று பத்தாவது செஷன் முடிந்தது. இன்னும் தூக்கம் வரவில்லை, அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

வரைபடத்தில் ஃபோர்ட் பிட் பாலத்தைச் சிவப்பு அடித்துவிட்டுத் தென்கரையில் மாட்டிக்கொண்டார்கள். பின்னால் கூட்டம், முன்னால் மலை. துப்பாக்கியின் பகடை நான்குமுகத்துக்கு இறங்கியிருந்தது. யாருக்கும் சுட மனமில்லை, மேசை நடுவில் பத்து நிமிடப் பகடை கிடந்தது. எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். விளையாட்டில் இல்லை, நிஜமாகவே என் பேஸ்மென்ட்டில்.

டுக்கேன் இன்க்ளைனின் கீழ் நிலையத்துக்கு வந்தார்கள். பெட்டி கீழே நிற்கிறது. மின்சாரம் இல்லை. மென்பொருள்காரர்தான் கண்டுபிடித்தார்: மேலே நிற்கும் பெட்டி கனமாக இருந்தால், பிரேக்கை விட்டாலே போதும், அது இறங்கும், நாம் ஏறுவோம். நர்ஸ் மட்டும் காட்டுப் பாதையில் ஏறி மேலே போனார், ஒரு வாக்கி டாக்கியோடு. ஏறுவதற்கே ஐந்து உருட்டல். மேலே போய்ப் பார்த்தால் பெட்டி ஏற்கெனவே கனமாகத்தான் இருக்கிறது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். செத்தவர்கள், கதவு கட்டியிருக்கிறது. யாரோ அவர்களை உள்ளே வரவழைத்து அடைத்திருக்கிறார்கள். நர்ஸுக்குக் கிட்டே போய்ப் பார்க்கப் பயம். நேராக இயந்திர அறைக்குப் போய் பிரேக்கை விட்டார்.

இரண்டு பெட்டியும் நகர்ந்தன. அந்த ஏறும் காட்சியை நான் மெதுவாகச் சொன்னேன். கம்பிவடம் முனகுவது, கீழே மூன்று ஆறும் சேரும் இடத்தில் நிலா, ஒருவிளக்கும் எரியாத ஊர். எதிர்ப்பெட்டி இறங்கி வருகிறது. கண்ணாடியில் கைகள். நடுவழியில் இரண்டும் அருகருகே கடக்கும். கை நீட்டினால் எட்டாது, முகம் தெரியும்.

"கூட்டத்துக்குப் பின்னால், மூலையில் பெஞ்ச் மேல் ஏறி ஒருவர் நிற்கிறார். தோளில் சிவப்புக் கரைத் துண்டு" என்றேன்.

யாரும் அசையவில்லை. மாணவி, "அவர் எப்படி இங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் ஏழாவது செஷன் குறிப்பை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தேன். பிரிந்தால் வாஷிங்டன் மலை மேல் சந்திப்போம். மூன்று வாரமாக மலையில் காத்திருந்தவர், வந்த கூட்டத்தைத் தானே பெட்டிக்குள் இழுத்திருக்கிறார், வெளியே வர முடியவில்லை. செத்தவர்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. அதற்கு அர்த்தம் ஒன்று அவர் ஆடாமல் அசையாமல் நிற்கிறார், அல்லது அவரும் அவர்களில் ஒருவர்.

டம்ளரை எடுத்தேன், பகடையைப் போட்டேன், குலுக்கி மேசையில் கவிழ்த்தேன்.

அட்டை ஆசிரியராக ஆடும் நண்பரின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டையைத் தொடவில்லை. வாக்கி டாக்கியைப் பிடிக்கிற மாதிரி கையை வாய்க்குக் கொண்டுபோய், "நிறுத்து! பிரேக்கப் பிடி! நிறுத்து!" என்று கத்தினார். மேலே இருக்கும் நர்ஸுக்குக் காரணம் தெரியாது, கீழே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. அவருக்காக ஆடுகிறவர் ஒன்றும் கேட்கவில்லை. பகடையை உருட்டினார். 9.

இரண்டு பெட்டிகளும் நடுவழியில் நின்றன. மணி பதினொன்றரை, ஒருவருக்குக் காலையில் வேலை. அதோடு நிறுத்தினோம். நால்வரும் படியேறிப் போன பிறகும் மேசையை நான் ஒதுக்கவில்லை. டம்ளர் கவிழ்த்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.